கண்ணொளியும் கல்வியொளியும்

மலம் திரவியமாதலின், அதனை இன்னதென்று அறிந்த மாத்திரையான் நீங்காது, தீக்கையாகிய கிரியையானே நீங்கும் என்பதற்குச் சிவாகம உரையாசிரியர்கள், கண்ணிற் படர்ந்த படலத்தைக் கண்மருத்துவன் சத்திரத்தால் நீக்குதலை உவமை கூறுவர். திருமடத்துப் பாடசாலையில் இவ்வுவமையைக் கேட்ட யான், பின்னர் முப்பது ஆண்டு மாணவர்க்கு அதனையே எடுத்தோதினேன். ஓதினேனேயன்றி உணர்ந்தேனல்லேன்.

என் அன்னையார்க்கு இரு கண்களிலும் புரை படர்ந்து பார்வை மறைந்தது. "எல்லாம் என் வினைப்பயன்" என்று அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். யானும், பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்று சாத்திரம் பேசி வாளாவிருந்தேன். மதுரையிலோ மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி அவர்கள், அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றபின், 1976-ஆம் ஆண்டிலேயே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியும் சத்திரம் பிடிக்கப் பழகிய பெரியார் அவர். பொருளுடையார் தரும் கட்டணத்தைக்கொண்டு இல்லார்க்கு இலவசமாகச் சிகிச்சை செய்தல் அங்குள்ள முறை. எம்மூரிலும் கண் முகாம் நடந்தது. யான் அன்னையாரை அழைத்துச் சென்றிலேன். ஒளி காணாமலே அவர் சிவபதம் அடைந்தார்.

அறுபதைக் கடந்தபின் என் கண்ணிலும் புரை படர்ந்து எழுத்து மங்கிற்று. மதுரைக்குச் சென்றேன். புரையை நீக்கி வில்லையொன்று பொருத்தினர். மறுநாட் கட்டவிழ்த்தபோது முதலிற் கண்டது, மருந்து விட வந்த ஒரு பெண்ணின் முகம். அவள் சிற்றூர்க் குடியானவர் மகள். பள்ளிப்படிப்பு முடித்த அத்தகைய பெண்களைத் தெரிந்தெடுத்து, 2 ஆண்டு பயிற்சி தந்து, கண்நோய்ப் பணியில் அமர்த்துகின்றனர். "ஐயா, இனி நன்றாகப் படிக்கலாம்" என்றாள். அவள் ஊதியத்தால் தம்பியொருவன் கல்வி பயில்வதையும் அறிந்தேன். ஓரறமே எனக்குக் கண்ணும் அக்குடிக்குக் கல்வியும் ஆயிற்று.

அன்று அன்னையாரை நினைந்து அழுதேன். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே எனின், அந்நோய்க்கு மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவிப்பவனும் அவனேயன்றோ? பிறர் துன்பத்தை வினையென்று சொல்லி விலகுதல் சித்தாந்தமன்று. நம் சோம்பலுக்குச் சாத்திரத்தைத் திரையாக்குதலே அது.

அன்பர்காள்! நும் இல்லத்தும் அயலிலும் புரையால் ஒளியிழந்த முதியோர் இருப்பின், வாதம் புரியாது கைப்பற்றி அழைத்துச் செல்மின். வறுமையாற் படிப்பு நின்ற பிள்ளையிருப்பின், ஒரு திங்கட் சம்பளமேனும் உதவுமின். யான் தாயார்க்குச் செய்யத் தவறியதை நீவிர் செய்வீராக.

திருச்சிற்றம்பலம்.