நீருக்குள் நிற்கும் மணிக்கோபுரம்

இத்தாலியின் வட எல்லையில், ஒஸ்திரியாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் மிக அண்மையில், ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது ரெஷன் ஏரி. கரையோரமெங்கும் பசும்புல்வெளி, தெற்கே பனி மூடிய ஓர்ட்லர் மலை. அந்த ஏரியின் நீருக்குள்ளிருந்து ஒரு மணிக்கோபுரம் மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது கிராவுன் என்ற ஊரின் தேவாலயக் கோபுரம். அந்தத் தேவாலயமும் ஊரும் இன்று இல்லை.

சூரிச்சில் வசிக்கும் மருமகனுடன் புகையிரதத்திலும் பஸ்ஸிலுமாக மலைக்கணவாய் கடந்து அங்கு சென்றிருந்தேன். கரையில் நின்றவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை.

"ஏன் மாமா, கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டவை?" என்று மருமகன் கேட்டான்.

அது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம் என்பதே காரணம். மக்கள் வாழ்ந்த வீடுகளுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. இங்கு முன்பு இயற்கையான ஏரிகள் இருந்தன. நீர்மின் உற்பத்திக்காக அவற்றின் மட்டத்தை 22 மீற்றர் உயர்த்தி ஒன்றிணைக்கும் திட்டத்தை மொண்டெகாட்டினி நிறுவனம் முன்வைத்தது. போர் முடிந்ததும் வேலைகள் விரைந்தன. பங்குத்தந்தை அல்பிரட் ரீப்பர் உரோமாபுரிக்குச் சென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸிடமே முறையிட்டார். பயனில்லை. 1950இல் மணிகள் இறக்கப்பட்டன. தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 163 வீடுகளும் 523 ஹெக்டேயர் விளைநிலமும் நீரில் மூழ்கின. 2021இல் பராமரிப்புக்காக நீரை வடித்தபோது அந்த வீடுகளின் படிகளும் சுவர்களும் மீண்டும் வெளியே தெரிந்தன.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. 1940இல் இத்திட்டம் பற்றிய அறிவித்தல் ஊரிலே ஒட்டப்பட்டது. ஆனால் அது இத்தாலிய மொழியில் இருந்தது. ஊரவரோ ஜேர்மன் மொழி பேசுபவர்கள். முதலாம் உலகப்போரின் பின் இத்தாலியுடன் இணைக்கப்பட்ட பிரதேசம் அது. பாசிச ஆட்சி பாடசாலைகளிலிருந்து அவர்களது மொழியை அகற்றியது, ஊர்ப்பெயர்களையும் மாற்றியது. கிராவுன் 'குரோன்' ஆயிற்று. தம் வீடு மூழ்கப்போகும் செய்தி கண்ணெதிரே தொங்கியபோதும் பெரும்பாலோரால் அதை வாசிக்க இயலவில்லை. சட்டப்படி அறிவித்தாகிவிட்டது என்று அதிகாரம் கை கழுவிக்கொண்டது.

இதை எமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் பிறந்து வளர்ந்த தலைமுறை நாம். 1987இல் தமிழும் அரசகரும மொழியாகியது. எனினும் வேற்றுமொழியில் வந்த அரச கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துக்காட்ட ஆள் தேடும் முதியோரை இன்றும் நான் காண்கிறேன்.

தெற்குத் திரோல் மக்களின் போராட்டம் வீண்போகவில்லை. 1972இல் விரிவான தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே வீதிப் பலகைகளிலும் அலுவலகங்களிலும் இரு மொழிகளும் இருக்கின்றன. அந்த உரிமை 1940இலேயே இருந்திருந்தால் அணை தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் தம் மண் பறிபோகிறது என்பதை அம்மக்கள் தமது மொழியிலேயே அறிந்திருப்பார்கள். உரிய காலத்தில் எதிர்த்துப் பேசுவதற்கு அதுவே முதற்படி.