தண்ணீர் கட்டிப் பார்க்காத இரண்டு நாள்

குமாரபாளையத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன் நான். 2022 ஆவணியில் ஓர் அண்ணன் தம்பி வீட்டில் செய்த தவறையும், அதை மறைக்கச் சொன்ன பொய்யையும் எழுதுகிறேன். இரண்டில் பொய்தான் பெரிது.

கீழே அண்ணனின் வீடும் தறிப்பட்டறையும். எட்டு விசைத்தறி. மேலே 420 சதுர அடியில் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் வீடு. திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். சமையலறையை மறைத்த அரைச்சுவரை எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைத்தேன். அதெல்லாம் நன்றாகவே வந்தது. கொல்லைப்பக்கக் குளியலறையை இடித்துவிட்டு, படுக்கையறையை ஒட்டிப் புதிதாகக் கட்டினேன். அங்கே தளம் பள்ளமாக வார்க்கப்படவில்லை. தரையை ஆறு அங்குலம் உயர்த்தி, தளத்தில் துளை போட்டுக் குழாயை இறக்கினேன். துளைக்கு நேர் கீழே ஒரு தறி.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். குழாயைச் சுற்றிச் சுருங்காத கலவை அடைக்க வேண்டும். சாதாரண சிமெண்ட் காய்ந்தால் சுருங்கி மயிரிழை விரிசல் விடும். பிறகு வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் அடியில் ஈரம் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் அதற்குப் பிறகுதான். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. இடுக்கு வழியே இறங்கும்.

அந்த ஆடியில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். காவிரி கரையோரத் தெருக்களுக்குள் வந்தது. என் ஆட்கள் சிலர் குடும்பத்தோடு முகாமில் இருந்தார்கள். வேலை நின்றது. பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. வெள்ளத்தின் மேல் பழி போடமாட்டேன். இரண்டு நாள் தள்ளிக் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். சொன்ன தேதியில் முடிக்கிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

வயதான கொத்தனார் ஒருவர், "தண்ணி கட்டிப் பாத்துட்டு டைல்ஸ் ஒட்டிக்கலாமுங்க" என்றார். "கெமிக்கல் ரெண்டு கோட் அடிச்சிருக்கு. உங்க வேலையைப் பாருங்க" என்றேன். எல்லா ஆட்களும் கேட்கச் சொன்னேன். அவருக்கு என் அப்பா வயது.

கார்த்திகையில் அண்ணன் கூப்பிட்டார். பாவு நனைந்திருந்தது. சைசிங்கில் ஏற்றிய கஞ்சி இளகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஓட்டினால் அறுந்துகொண்டே இருந்தன. அவர் கூலிக்கு நெய்கிறவர். நூல் வேறொருவருடையது. அவரிடம் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணாந்து பார்த்தேன். குழாயைச் சுற்றி ஈர வட்டம். அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வந்தது.

"தறி ஓடுற அதிர்வுல தளம் விட்டிருக்குங்கண்ணா."

எட்டுத் தறி ஓடினால் கட்டடம் அதிரும். அது உண்மை. அதனால்தான் அவர் நம்பினார். ஆனால் அத்தனை வருட அதிர்விலும் அந்தத் தளம் ஒரு சொட்டு விடவில்லை. துளை போட்டவன் நான்.

நான்கு நாள் தறிகளை நிறுத்தினார். ஓட்டுகிற ஆட்களுக்கும் நான்கு நாள் கூலி போயிற்று. மேலே போய்த் தம்பியிடம் வருத்தம் தெரிவித்தாராம், தன் தறியால் புது வீடு கெட்டதென்று. தம்பி மனைவி குளிப்பதற்கு வாளியோடு அண்ணன் வீட்டுக்கு இறங்கிவந்தார். பழைய குளியலறையை நான் இடித்துவிட்டேன் அல்லவா. பத்து நாள் பொறுத்தார்கள். பிறகு, தறியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லித் தம்பி கேட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

டைல்ஸைப் பெயர்த்தபோது அதே கொத்தனார்தான் குழாயோரம் ஆணியை விட்டுக் காட்டினார். கலவை விலகியிருந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. சரிசெய்ததற்கு நான் பணம் வாங்கவில்லை. அதற்காகத் தம்பதி எனக்கு நன்றி சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

மாடிக்குப் போகும் படி அண்ணன் வீட்டு வாசல் வழியாக இருந்தது. போன வருடம் வெளிப்பக்கமாக இரும்புப் படி வைக்க வேண்டுமென்று தம்பி என்னையே கூப்பிட்டார். அளந்தேன். டேப்பின் மறுமுனையை அண்ணன் வந்து பிடித்துக்கொண்டார். அன்றும் நான் சொல்லவில்லை.