ஞாயிற்றுக்கிழமை மட்டும் முளைக்கும் ஊர்

ஹாங்காங்கில் ‘சென்ட்ரல்’ என்றால் பணக்கார ஏரியா. வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், நகைக்கடைகள், ஒரு கைப்பையையே லட்ச ரூபாய்க்கு விற்கும் ஷோரூம்கள் என எல்லாம் அங்கேதான். திங்கள் முதல் வெள்ளி வரை கோட்டும் டையுமாக ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதே இடத்துக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

நடைபாதை, மேம்பாலம், சுரங்கப்பாதை, பூங்கா, படிக்கட்டு... எங்கே திரும்பினாலும் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, ஓரங்களை நிமிர்த்தி, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அந்த அட்டை வீட்டுக்குள் சாப்பாடு நடக்கிறது, சீட்டாட்டம் நடக்கிறது, ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்கிறார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். ஒருத்தி துப்பட்டா மாதிரி ஒரு துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்குகிறாள்.

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமையகம், கட்டடக்கலை படிப்பவர்கள் தேடி வந்து பார்க்கும் கட்டடம். அதன் கீழ்த்தளம் சுவரே இல்லாமல் திறந்திருக்கும். ஞாயிறு அன்று அந்த வங்கிக்கு அடியிலும் அட்டை வீடுகள்தான். பக்கத்தில் இருக்கும் சேட்டர் சாலையில் வாகனங்களுக்கு அன்று அனுமதி கிடையாது. 1980களிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. நடுரோட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு சாப்பிடலாம்.

யார் இவர்கள்?

ஹாங்காங்கில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள். சமையல், துணி, குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, வயதானவர்களைக் கவனிப்பது என்று ஆறு நாள் வேலை. வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. வேலை பார்க்கும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும். ஹாங்காங் வீடுகள் தீப்பெட்டி மாதிரி. சிலருக்குத் தனியாக ஒரு சின்ன அறை கிடைக்கும். பலருக்குக் குழந்தையின் அறையிலோ, ஹாலிலோ ஒரு படுக்கை. விடுமுறை நாளில் உட்காரச் சொந்தமாக ஓர் இடம் இல்லாததால்தான் தெருவில் அட்டையை விரிக்கிறார்கள்.

2024 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,990 ஹாங்காங் டாலர். நம் கணக்கில் 50 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அந்த ஊர் விலைவாசிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால், பிலிப்பைன்ஸ் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியை வாங்குவதைவிட அதிகம் என்பதால், கல்லூரி முடித்தவர்கள்கூட இங்கே வந்து பாத்திரம் தேய்க்கிறார்கள்.

ஒரே கடிகாரம்

வேறு பல நாடுகளுக்குப் போன பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி ஹாங்காங்கில் இருப்பவர்களுக்கு உண்டு. மணிலாவில் மணி என்னவோ அதேதான் ஹாங்காங்கிலும். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. விமானத்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. சவூதியில் இருக்கும் அம்மா ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கிறாள். அவளுக்கு விடியும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

ஹாங்காங் அம்மாவோ காலை ஐந்தரைக்கு எழுந்து, முதலாளி வீட்டுக் குழந்தைக்கு டிபன் தயார் செய்துகொண்டே, காதில் இயர்போனை மாட்டித் தன் குழந்தையையும் எழுப்புகிறாள். “எந்திரி, பல் தேய், யூனிஃபார்ம் எங்கே?” என்று ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள்.

நான் பேசிய ஒரு பெண் வடக்கு லூசானில் இலோகோஸ் பக்கம். வந்து பதினோரு வருடம் ஆகிறதாம். என்னை ‘மாம்’ என்று ஆரம்பித்தவர், அவர் நீட்டிய நூடுல்ஸை நான் வாங்கிச் சாப்பிட்டதும் ‘ஆத்தே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நம் காதுக்கு அத்தை மாதிரி கேட்கும். அவர்கள் மொழியில் அக்கா.

“ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் எனக்கு நேரம். சமையலறை லைட்டை அணைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போன் பண்ணுவேன். சத்தமாகப் பேச முடியாது. மகள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். சில நாள் பேசவும் மாட்டோம். அவள் போனைப் புத்தகத்தில் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் துணி மடிப்பேன்.”

பேசாமல் இருக்கும் அந்த நேரம்தான் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். “வீட்டில் இருந்தாலும் எந்நேரமும் பேசிக்கொண்டா இருப்போம், ஆத்தே?”

பெட்டிக்குள் ஒரு வருடம்

சென்ட்ரலில் ‘வேர்ல்டு-வைடு ஹவுஸ்’ என்று ஒரு கட்டடம். அதன் கடைத்தளங்கள் ஒரு குட்டி மணிலா. கருவாடு, காய்ந்த மாம்பழம், பிலிப்பைன்ஸ் ஷாம்பு, சிம் கார்டு... முக்கியமாக, பணம் அனுப்பும் கவுன்ட்டர்கள். சம்பளம் வந்த ஞாயிறு அன்று வரிசை படிக்கட்டு வரை நீளும்.

பணம் ஒரு நொடியில் போய்விடும். பாசம் போக ஒரு பெட்டி வேண்டும். அதன் பெயர் ‘பாலிக்பயான் பாக்ஸ்’. பாலிக் என்றால் திரும்புதல், பயான் என்றால் ஊர். இந்தச் சொல்லை 1973-ல் அரசாங்கமே பிரபலப்படுத்தியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வந்துபோகட்டும் என்று அப்போது ஒரு திட்டம் தொடங்கினார்கள். வர முடியாதவர்களுக்காகப் பெட்டி மட்டும் வர ஆரம்பித்தது.

கப்பலில் போகும் இந்தப் பெட்டிக்கு எடைக்கு ஏற்பக் கட்டணம் கிடையாது, பெட்டியின் அளவுக்குத்தான். அதனால் காற்றுகூடப் புகாதபடி அடைக்கிறார்கள். காலணிக்குள் சாக்லேட், குவளைக்குள் சோப்பு, இடைவெளியில் துண்டு. கட்டிலுக்குக் கீழே காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, எங்காவது தள்ளுபடி போட்டால் ஒன்று, இரண்டு என்று மாதக்கணக்கில் நிரப்புவார்கள். மகளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஷூ வாங்குவாராம் இலோகோஸ் பெண். “ஒவ்வொரு வருடமும் அளவு மாறும். அதில்தான் அவள் வளர்வது எனக்குத் தெரியும்.”

2015-ல் சுங்கத்துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போவதாக அறிவித்தபோது, உலகம் முழுக்க இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதிபரே தலையிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, 1,50,000 பெசோ மதிப்பு வரை வரி இல்லை என்று ஆக்கினார்கள்.

பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கடைகளில் பாட்டு போட்டுவிடுவார்கள். அப்போதிருந்தே ஹாங்காங்கில் பெட்டிப் பரபரப்பு. கப்பல் தாமதமானால் டிசம்பர் 24 இரவு விருந்துக்குள் போய்ச் சேராதே என்ற பயம்.

ஒரே புயல், இரண்டு கவலை

பசிபிக்கில் கிளம்பும் புயல் பல நேரம் முதலில் பிலிப்பைன்ஸைத் தாக்கும். பிறகு தென்சீனக் கடலைத் தாண்டி ஹாங்காங் பக்கம் வரும். 2018 செப்டம்பர் 15, சனிக்கிழமை மங்குட் புயல் வடக்கு லூசானைப் புரட்டிப்போட்டது. மறுநாள் ஞாயிறு, ஹாங்காங்கில் உச்சபட்ச எச்சரிக்கையான 10-ம் எண் சிக்னல்.

“முதல்நாள் முழுக்க நான் அவர்களுக்குப் போன் பண்ணினேன். லைன் போகவில்லை. மறுநாள் கரென்ட் வந்து அவர்கள் எனக்குப் பண்ணும்போது, இங்கே ஜன்னலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ‘அம்மா, நீ பத்திரமா’ன்னு என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது” என்றார் அவர்.

போன் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமா?

மிர்கா மடியானு, டேனியல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரிட்டனில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களிடமும், ஊரில் இருக்கும் அவர்களின் பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசி, 2012-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். போனும் வீடியோவும் வந்த பிறகு தாங்கள் மறுபடி அம்மாவாக உணர்வதாகத் தாய்மார்கள் சொன்னார்கள். பிள்ளைகள் எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ‘தூரத்தில் இருந்துகொண்டு எங்களைக் கண்காணிக்கிறார்கள்’ என்று வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இலோகோஸ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, போன முறை ஊருக்குப் போன கதையைச் சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போக முதலாளி டிக்கெட் தருவார். ஆசையாகப் போயிருக்கிறார். மகள் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். இரவு படுத்த பிறகு இவருடைய மொபைலில் ஒரு மெசேஜ். பக்கத்து அறையிலிருந்து மகள்தான் அனுப்பியிருக்கிறாள். ‘தூங்கிட்டியா, அம்மா?’

“எழுந்துபோய்க் கட்டிப்பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், நானும் மெசேஜிலேயே பதில் போட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம், நடுவில் ஒரு சுவர். அப்படித்தான் எங்களுக்குப் பேச வரும். நாலாவது நாள்தான் அவளே வந்து என் பக்கத்தில் படுத்தாள்.”

இந்தப் பிரிவை உள்ளிருந்தே பார்த்தவர் ஸீஸா க்ரூஸ் பகானி. அவருடைய அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்த்தவர். 19 வயதில் ஸீஸாவும் அங்கேயே வேலைக்கு வந்தார். முதலாளியம்மா கொடுத்த கடனில் ஒரு கேமரா வாங்கி, விடுமுறை நாட்களில் தெருவைப் படமெடுத்து, உலகம் அறிந்த புகைப்படக் கலைஞரானார். தன் தாயையும் குடும்பத்தையும் மையமாக வைத்து 2018-ல் அவர் கொண்டுவந்த புத்தகத்தின் பெயரின் பொருள், ‘நாங்கள் காற்றைப் போன்றவர்கள்’.

நாயகிகள்

1988-ல் ஹாங்காங் வந்த அதிபர் கொராசான் அகினோ, இந்தப் பெண்களை ‘புதிய நாயகர்கள்’ என்று அழைத்தார். இன்றுவரை அரசாங்கம் அப்படித்தான் சொல்கிறது. 2024-ல் வெளிநாட்டிலிருந்து பிலிப்பைன்ஸ்காரர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 3,400 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். நாட்டின் பொருளாதாரத்தில் சுமார் 8 சதவிகிதம்.

ஆனால், நாயகிகள் குடும்பத்தைக் கூடவே அழைத்துவர முடியாது. அவர்களுக்குக் கொடுக்கும் விசாவில் அதற்கு இடமில்லை. மற்ற வெளிநாட்டினர் ஏழு வருடம் வசித்தால் ஹாங்காங்கில் நிரந்தரக் குடியுரிமை கேட்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்கு அது பொருந்தாது என்று 2013-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எத்தனை வருடம் உழைத்தாலும் ஒருநாள் திரும்பித்தான் ஆக வேண்டும்.

எப்போது திரும்புவது என்பதுதான் ஒவ்வோர் அட்டை வீட்டிலும் ஓடும் பேச்சு. வீடு கட்டி முடியட்டும், தம்பி படிப்பு முடியட்டும், அம்மாவின் ஆபரேஷன் முடியட்டும்... இரண்டு இரண்டு வருடங்களாக வாழ்க்கை நீள்கிறது. இலோகோஸ் பெண்ணுக்கு வரும் மாதம் ஒப்பந்தம் முடிகிறது. மகளுக்கு நர்ஸிங் படிக்க ஆசை. இன்னொரு இரண்டு வருடம் இருந்தால் கல்லூரிக்குக் கட்டிவிடலாம். மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். “நீயே முடிவு பண்ணும்மா என்கிறாள். சின்ன வயதில் ‘வா வா’ என்று அழுவாள். இப்போது அழுவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.”

நீங்கள் ஹாங்காங் போனால் விக்டோரியா பீக், டிஸ்னிலேண்டு எல்லாம் பாருங்கள். ஒரு ஞாயிறை மட்டும் சென்ட்ரலுக்கு ஒதுக்குங்கள். மெட்ரோவில் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினாலே போதும், சிரிப்புச் சத்தம் வழிகாட்டும். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், அது அவர்கள் வீட்டுக் கூடம். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் நிச்சயம் சாப்பிடச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

இரவு ஏழு, எட்டு மணிக்கு அட்டைகளை மடித்துக் கட்டி, குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பலருக்கு இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளை உண்டு. ஸ்டேஷன் வாசலில் கடைசியாக ஒருமுறை ஊருக்கு வீடியோ கால். அடுத்த நாள் பள்ளிக்கு எந்த யூனிஃபார்ம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார்கள்.