ரெண்டாவது கேபிள்

பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அதனால் எழுத்துப்பிழை இருந்தால் மன்னிச்சிடுங்க. இந்தக் கதையை ஒரு வருஷமா யார்கிட்டயும் முழுசா சொல்லலை.

மூன்றாம் வருடம் ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. லேபில் 60 சிஸ்டம், இரண்டு பழைய ஸ்விட்ச். நான் வாலன்டியர். ஸ்விட்ச் இரண்டையும் இணைக்கும் கேபிளில் கிளிப் உடைந்திருந்தது, கை பட்டாலே லூசாகும். நடுவில் கழன்றுவிட்டால்? தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கேபிளையும் இரண்டுக்கும் நடுவில் சொருகிவிட்டேன். ஒன்று போனால் ஒன்று இருக்கும், சரிதானே?

சில நொடிகளில் எல்லா போர்ட் லைட்டும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தன. எல்லா ஸ்கிரீனும் நின்றுபோச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்வர் பிராப்ளம் சார்."

லேப் அண்ணா வந்தார். ஒரு சிஸ்டத்தையும் தொடவில்லை. லைட்டைப் பார்த்தார், என் கேபிளைப் பிடுங்கினார். எல்லாம் திரும்ப வந்தது.

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட் காலி. ஈதர்நெட் ஃபிரேமில் அது கிடையாது. வளையம் கிடைத்தால் பிராட்காஸ்ட் சுற்றிக்கிட்டே இருக்கும், புதுசு புதுசா சேர்ந்துக்கிட்டே இருக்கும். இதற்காகத்தான் 1985ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். உபரி கேபிள் அப்படியே இருக்கும், ஒரு போர்ட் மட்டும் பிளாக் ஆகும். முதல் கேபிள் போனால் அது திறந்துகொள்ளும். இதை 13 மார்க்குக்குப் படம் போட்டு எழுதியவன்தான் நான்! எங்க லேபில் இருந்த சாதா ஸ்விட்சில் அந்த வசதியே இல்லை என்று பார்க்கத் தோணலை. உங்க லேபில் லைட்டெல்லாம் சேர்ந்து அடித்தால், கடைசியாகச் சொருகிய கேபிளை முதலில் உருவுங்க.

என் ரூம்மேட்டுக்கு ஆப்டிட்யூட் பகுதியின் நேரம் அதற்குள் முடிந்திருந்தது. அவன் செலக்ட் ஆகலை. "சர்வர் படுத்துருச்சுடா" என்று அவனே சொன்னபோது தலையாட்டினேன்.

போன வாரம்தான் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கிளிப் உடைஞ்சது முந்தின நாளே தெரியுமா?" என்றான்.

தெரியும். அன்று சாயங்காலம் அண்ணா அந்த நுனியை வெட்டி, புது ஆர்ஜே 45 போட்டு கிரிம்ப் பண்ணினார். ஐந்து நிமிஷம்கூட ஆகலை.