கட்டியவர் கேட்ட பரிசு



சென்ற தவணையில் எமது பாடசாலையின் தரம் 9 மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்காகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கறுவாத்தோட்டத்தில் வெள்ளை வெளேரென நிமிர்ந்து நிற்கும் தேசிய நூதனசாலைக்குள் நுழைந்தபோது, “இதைக் கட்டியவர் நம்மவர்தான், தெரியுமா?” என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்லிக் கொடுத்தால்தானே அவர்களுக்குத் தெரியும்!

மர்ஹூம் வாப்பிச்சி மரிக்கார் 1829ஆம் ஆண்டு பிறந்து 1925 வரை வாழ்ந்தவர். கட்டட ஒப்பந்தக்காரராகத் தொழில் செய்தார். ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால், ஜே. ஜி. ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி, இந்த நூதனசாலையை எழுப்பிக் கொடுத்தவர் அவரே. 1877இல் அது திறந்து வைக்கப்பட்டது. இந்நாட்டின் சிலைகளும் சிற்பங்களும் ஓவியங்களும் ஏடுகளும் ஒன்றரை நூற்றாண்டாக அந்தக் கூரையின் கீழ்தான் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணங்களுடன் தொடர்புடைய அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே கல்லில் மூன்று சமயத்தாருக்கும் மரியாதை செய்யப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தேய்ந்து போன எழுத்துகளை உற்று உற்றுப் பார்த்தார்கள். எல்லாச் சமூகத்தாரின் செல்வங்களும் ஒன்றாக இருக்கும் ஒரு வீட்டை முஸ்லிம் ஒருவர் கட்டிக் கொடுத்தார் என்பது சிறிய விடயமா?

திறப்பு விழா நாளில் நடந்ததாக ஒரு சம்பவம் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வேலையின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்த ஆளுநர், “உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?” என்று கேட்டாராம். மரவேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் தமக்கொரு பட்டம் கேட்டார், கிடைத்தது. வாப்பிச்சி மரிக்காரோ, “வெள்ளிக்கிழமைகளில் இந்த நூதனசாலையை மூடி வைக்க வேண்டும்” என்று மட்டும் கேட்டாராம். அந்தக் கோரிக்கையும் ஏற்கப்பட்டு, நீண்ட காலம் பேணப்பட்டு வந்தது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பட்டம் கேட்டிருக்கலாம், காணி கேட்டிருக்கலாம். தமக்கென எதையும் கேட்காமல், ஜும்ஆவின் கண்ணியத்துக்காகக் கேட்டார்.

அவருடைய பணி இத்துடன் முடியவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வியில் பின்தங்கிக் கிடந்த அக்காலத்தில், அறிஞர் சித்திலெப்பையோடு தோள் கொடுத்து நின்றார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் மருதானையில் உருவானதே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. 1921இல் ரீ. பி. ஜாயா அக்கல்லூரியின் அதிபரானதையும் காணும் அளவுக்கு அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்திருந்தான். அவருடைய பேரர் சேர் ராசிக் பரீத் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாக முன்னின்றார். பாட்டனார் தொடக்கி வைத்த பணியைப் பேரர் பெண் பிள்ளைகளுக்கும் கொண்டு சேர்த்தார்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, பின்னால் நின்ற ஒரு மாணவன், “ஸேர், நீங்க என்றா என்ன கேட்டிருப்பீங்க?” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசகர்களே! உங்களிடம் மறைப்பானேன்? எமது பாடசாலைக்கு ஒரு வாசிகசாலை வேண்டுமென்று மூன்று வருடங்கள் வீடு வீடாகச் சென்று நூல்கள் சேர்த்தவன் நான். அதன் திறப்பு விழாவில் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதங்களாக நான் அந்த வாசிகசாலைப் பக்கம் காலடி எடுத்து வைக்கவில்லை. “நேரமில்லை” என்று சாட்டுச் சொல்லிக் கொண்டிருந்தேன். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியை வகுப்பில் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! அந்த மாணவனின் கேள்விக்கு முன்னால் என் எண்ணம் எதுவென்று எனக்கே வெளிச்சமாகிவிட்டது.

“யோசித்துச் சொல்கிறேன் மகன்” என்று மட்டும் சொன்னேன்.

மனிதன் மரணித்த பின்பும் அவனைத் தொடரும் நன்மைகளாக நிலையான தர்மத்தையும், பயன் தரும் அறிவையும், அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளையையும் நபி (ஸல்) அவர்கள் எடுத்துக் கூறினார்கள். இவற்றுள் எதற்கும் பொன்னாடை தேவையில்லை. இன்று நம் ஊர்களில் கொடுப்பவர்கள் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொடுக்கும்போது நாம் எதைத் திருப்பிக் கேட்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தனிமையில் தம்மிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது. பணத்தைக் கொடுப்பவருக்கு மட்டுமல்ல, உழைப்பைக் கொடுப்பவருக்கும் இக்கேள்வி உண்டு.

சுற்றுலா முடிந்த மறுநாள் இடைவேளையில் வாசிகசாலைக்குப் போனேன். நூல்களின் மேல் தூசு படிந்திருந்தது. துடைக்கத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அதே மாணவன் வந்து, ஒன்றும் பேசாமல் மறுபக்கத்து இறாக்கையைத் துடைத்தான்.

மர்ஹூம் வாப்பிச்சி மரிக்காரின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக! நமது எண்ணங்களையும் அவன் சீராக்கித் தருவானாக! ஆமீன்.