செங்கோட்டைக்கு மரம் வாங்கப் போனோம்

எங்கள் மாடி அறைக் கதவின் நிலைக்கு மூன்றே வருடத்தில் கரையான் வந்துவிட்டது. கீழ்ச் சட்டத்தை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. "சுத்தத் தேக்கு மேடம்" என்று சொல்லி விற்ற கடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெயர் வேண்டாம். கடைக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் புதியவன். மரத்தைப் பற்றி அவனுக்கு என்னளவுதான் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. "எல்லாம் தேக்குதான் மேடம்" என்று அதே வசனத்தைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பழைய பில்லைத் தேடி எடுத்தேன். ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம், மொத்தம் 21 அடி, 2.19 கன அடி என்று போட்டிருந்தது. அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கி, அடியில் நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. கணக்கு சரிதான். டேப்பை எடுத்து நிலையை அளந்தேன். நாலரைக்கு இரண்டரைதான் இருந்தது. அப்படியானால் 1.64 கன அடி. வாள் போகும் இடத்திலும் இழைப்பிலும் கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால்வாசி குறையுமா? இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, வாங்கிய அன்று அளந்து பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் கரையானைவிட அதிகம் அரித்தது.

இப்போது கீழ் வீட்டையே இடித்துக் கட்டுகிறோம். பி.எஃப். பணம் முழுக்க அதில் இறங்கியிருக்கிறது. தலைவாசல் நிலை, நாலு உள்நிலை, ஜன்னல்கள் எல்லாம் வாங்க வேண்டும். கட்டுமான வேலைக்கு வந்த ஆசாரி ஒரு குறிப்பிட்ட கடையைச் சொல்லி, அங்கேதான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆசாரிக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். எல்லா ஆசாரியும் அப்படி இல்லை. ஆனால் யார் அப்படி, யார் இப்படி என்று நமக்கு எப்படித் தெரியும்? மரம் தெரிந்தவரிடம் கேட்டால் அவருக்கு அதில் பங்கு இருக்கலாம். பங்கு இல்லாதவருக்கு மரம் தெரியாது. இதில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓடியது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். உளியைப் பிடிக்கக் கை நடுங்குவதால் வேலையை விட்டுவிட்டார். இளவயதில் செங்கோட்டை வாள்பட்டறைகளில் மரம் அளக்கும் வேலை பார்த்தவர். அவரிடம் போய் நின்றேன். "கூட வாரேன் டீச்சரம்மா. எனக்கு ஒரு நாள் கூலியும் டீச்செலவும் குடுங்க. வேற எவன்கிட்டயும் நான் வாங்க மாட்டேன். ஆனா இப்ப போகக்கூடாது" என்றார். அது ஆடி மாதம். "சாரல்ல நனைஞ்சு கெடக்கும். காஞ்ச மரமா ஈர மரமான்னு பாக்கவும் முடியாது, தூக்கிப் பாத்து எடை சொல்லவும் முடியாது. மாசியில போவோம்." குற்றாலத்துக்குப் போகும் மாதமும் மரத்துக்குப் போகும் மாதமும் வேறு வேறு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நிலை வைக்கும் முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டோம். வீட்டில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது.

மாசியில் ஒரு வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினோம். ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் என்று மலை வலது கைப்பக்கமே கூட வந்தது. தென்காசி தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். சங்குச் சின்னம் பொறித்த பழைய தோரணவாயில் இன்றும் நிற்கிறது. மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போகும் ரயில் பாதை 1904-இல் வந்தது. அகலப் பாதையாக மாறி முழுதும் திறந்தது 2018-இல். அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் கேரள வனத்துறையின் மரக்கிடங்குகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு மரம் லாரியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் செங்கோட்டை. மரம் ஏன் இந்த ஊரில் வந்து குவிகிறது என்று கேட்கவே தேவையில்லை.

பிரானூர் பார்டர் என்றால் எல்லோரும் பரோட்டாவைத்தான் சொல்வார்கள். எனக்கு அங்கே முதலில் வந்தது அறுத்த மரத்தின் வாசனை. சாலையோரமெல்லாம் தடிகள். வாளின் சத்தம் ஓய்ந்தால் காது அடைத்த மாதிரி இருக்கிறது.

முதல் மில்லில் என்னைப் பார்த்துவிட்டு, "சார் வரலியா?" என்றார்கள். "சார் வந்தா அவரும் எங்கிட்டதான் கேப்பார்" என்றார் பெரியவர், எனக்கு முன்னால். அங்கே பளபளவென்று சட்டங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "பர்மா" என்று சொன்னார்கள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சின்ன உளியை எடுத்து, சட்டத்தின் தலைப்பில் பூசியிருந்த பெயின்டைக் கொஞ்சம் சீவினார். உள்ளே தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. பெயின்ட் பூசுவது வெடிப்பு வராமல் காக்கத்தான், அதுவே வந்த வெடிப்பை மறைக்கவும் செய்யும் என்று வெளியே வந்தபின் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: தடியாக மரத்தை வெளியே அனுப்புவதை மியான்மர் 2014-லேயே நிறுத்திவிட்டது. வாய்க்கு வாய் பர்மா என்று சொல்கிறவரிடம் ரசீதைக் கேட்கவேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வருவதும் தேக்குதான், பொய்யில்லை. ஆனால் தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டிய சின்னத் தடியில் வெள்ளை அதிகம் இருக்கும்.

இந்த வெள்ளைதான் என் மாடி நிலையைத் தின்ற விஷயம். மரத்தின் நடுப்பகுதி வைரம், ஆசாரிமார் சேகு என்பார்கள். அதைச் சுற்றிப் பட்டைக்கு அடியில் இருப்பது வெளிறிய இளமரம். தேக்கின் வைரத்தில் கரையானுக்கு ஆகாத சத்து இருக்கிறது, வெள்ளையில் அது கிடையாது. தேக்கு என்று பெயர் இருந்தாலும் வெள்ளை கரையானுக்குச் சோறுதான். அதன்மேல் நிறம் ஏற்றிய வார்னிஷை ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இழைக்காத, பூசாத மரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பெரியவர் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

இரண்டாவது மில்லில் முதலாளி பெரியவரை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன ஆசாரி, உயிரோடதான் இருக்கீரா?" "ஒம்ம மரத்தைப் பாத்துட்டுப் போலாம்னுதான் அண்ணாச்சி இருக்கேன்." அதன்பிறகு பேரமே வேறு மாதிரி நடந்தது. நிழலில் குறுக்குச் சட்டம் வைத்துக் காற்றுப் போக அடுக்கியிருந்த மரத்தைக் காட்டினார்கள். பெரியவர் ஒரு துண்டின் தலைப்பைச் சீவி, எச்சில் தொட்டுத் தடவி என்னிடம் நீட்டினார். "வளையத்து ஓரமா ஓட்டை வரிசையா நிக்குது பாருங்க. மோந்து பாருங்க." புதுத் தோல் செருப்பின் வாசனை வந்தது. விரலில் லேசான பிசுக்கு. இதை எந்த விளம்பரமும் எனக்குச் சொன்னதில்லை.

அங்கே தடி அளக்கும் கணக்கையும் கேட்டுக்கொண்டேன். தடியின் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுக்கிறார்கள். 60 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளத் தடி என்றால் 15.6 கன அடி. நம் பாடப்புத்தக உருளைக் கணக்குப்படி கிட்டத்தட்ட 19.9 வரும். பட்டைக்கும் ஓரக் கழிவுக்கும் அந்த வித்தியாசம். வியாபாரி ஏமாற்றவில்லை, சொல்லப்போனால் விட்டுத்தான் கொடுக்கிறார். இத்தனை வருடம் உருளையின் கன அளவு நடத்தினேன், ஒரு நாளாவது இந்தக் கணக்கைப் போர்டில் எழுதியிருந்தால் பிள்ளைகள் தூங்காமல் இருந்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் தேக்கு வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன். பெரியவர் சம்மதிக்கவில்லை. "தலைவாசலுக்குத் தேக்கு வச்சுக்கோங்க, ஆசைக்கு. உள்நிலைக்கு வேங்கை போதும். ஜன்னலுக்குக் கோங்கு. அது ஒமக்கும் எனக்கும் அப்புறமும் நிக்கும்." வேங்கையில் ஒரு தொல்லை உண்டு, ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும். பூச்சு வேலைக்கு முன்னால் பிரைமர் அடித்துவிடச் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் மரக்குவளை இதே வேங்கைதான் என்று முதலாளி இடையில் சொன்னார். விலையை நான் இங்கே எழுதவில்லை, மாதத்துக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் பெரியவர் பேச்சைக் கேட்டதில் நான் மனதில் வைத்திருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது.

தலைவாசல் நிலை ஆறுக்கு நாலு அங்குலம், 22 அடி, 3.67 கன அடி. இழைத்தபின் நிற்கும் அளவு எவ்வளவு என்று பில்லிலேயே தனியாக எழுதித் தரச் சொன்னேன். முதலாளி சிரித்தார், எழுதித் தந்தார்.

பணம் கட்டும்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு கவர் பெரியவர் பக்கம் நகர்ந்தது. நான் வேறெங்கோ பார்ப்பது போல் நின்றேன். என்ன செய்யப்போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம். பெரியவர் கவரைத் தொடவில்லை. "அதை டீச்சரம்மா பில்லுல கழிச்சிருங்க அண்ணாச்சி" என்றார். முதலாளி ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு பில்லை வாங்கி, பேனாவால் அடித்து, புதுத் தொகையை எழுதினார்.

லாரியில் ஏற்றும்முன் ஒவ்வொரு சட்டத்தின் தலைப்பிலும் பெரியவர் நீலப் பென்சிலால் ஒரு சின்ன மீன் வரைந்தார். மொத்தம் முப்பத்தொன்று. "வழியில மாறக்கூடாது பாருங்க." திரும்பும் ரயிலில் அவர் தூங்கிவிட்டார். கூலியை அவர் சட்டைப்பையில் வைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வரை காத்திருந்தேன். சொன்னதற்கு மேல் வைத்ததை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார், டீச்செலவை மட்டும் வைத்துக்கொண்டு.

மறுநாள் சாயங்காலம் லாரி வந்தது. என் மகள் டார்ச் பிடிக்க, ஒவ்வொரு மீனாக எண்ணினேன். முப்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், முப்பது. லோடுமேனைக் கேட்கப் போகும்போது மகள்தான் கூப்பிட்டாள். கடைசிச் சட்டத்தில் மீன் மறு தலைப்பில் இருந்தது.