நெய்வேலி: விளக்கேற்றிய ஊரின் நாளை

பண்ணுருட்டியிலிருந்து வடலூர் நோக்கிப் பயணம் செய்திருக்கிறீர்களா? சாலையின் இருமருங்கிலும் செம்மண் நிலத்தில் முந்திரியும் பலாவும் நிழல் விரிக்கும். அவ்வழியில்தான் நெய்வேலியின் நுழைவாயில் எதிர்ப்படுகிறது. உள்ளே எண்ணிட்ட வட்டங்களும், மரங்கள் அணிவகுத்த வீதிகளும் நம்மை வரவேற்கின்றன.

1934-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் தண்ணீருடன் கரிய பொருள் ஒன்றும் மேலெழுந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் பிறந்தது. சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நம் இல்லங்களின் விளக்குகளில் அந்த ஒளியும் கலந்திருக்கிறது.

அதற்கொரு விலையும் உண்டு. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி, அதே அளவு மின்சாரத்திற்கு மற்ற நிலக்கரியைவிட அதிகமாகக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு பூமியையும் கடலையும் சூடேற்றுகிறது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் இம்மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு புயலுக்கு ஒரே காரணம் கூறுதல் முறையன்று. எனினும் சூடேறிய கடல் புயல்களுக்கு வலுவூட்டும் என்பது அறிவியல் முடிவு.

முதல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதனினும் திறன்மிக்க புதிய நிலையம் அதனிடத்தை நிரப்பியது. ஆனால் அதுவும் பழுப்பு நிலக்கரியையே எரிக்கிறது. 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. அப்படியானால் இந்தச் சுரங்கங்களும் ஒருநாள் ஓய்வு பெற வேண்டுமல்லவா?

அன்று இம்மக்கள் என்ன செய்வர்? நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலைக்காக நெடுங்காலம் போராடி வந்துள்ளன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறியதை நாடே கண்டது. சுரங்கம் விரியும்போது உழவர் இழந்தார். சுருங்கும்போது ஒப்பந்தத் தொழிலாளியும் கடைத்தெரு வணிகரும் இழக்க வேண்டுமா?

ஜெர்மனி ஒரு வழி காட்டியுள்ளது. 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட 2020-இல் சட்டம் இயற்றியபோதே, சுரங்க வட்டாரங்களின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க முன்வந்தது. மூடும் நாளுக்குப் பல்லாண்டுகள் முன்பே மாற்றுத் தொழிலைத் திட்டமிடுவதே அதன் பாடம். நெய்வேலியிலும் சூரிய ஒளித் தகடுகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்குச் சுரங்கம் அளவுக்கு ஆட்கள் தேவைப்படுவதில்லை. எனவே இளைஞருக்குப் புதுத் தொழிற்பயிற்சியும், தோண்டிய நிலத்திற்கு மறுவாழ்வும் இன்றே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை அவ்வழியே செல்கையில் புகைபோக்கிகளை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அவற்றின் நிழலில் வாழும் மக்களையும் எண்ணிப் பாருங்கள். நமக்கு ஒளி தந்தோரை இருளில் விடாதிருப்பதும் நம் கடமையே.